வாழைப்பழ பிரெட்: பழத்தை எண்ணாதீர்கள், எடை போடுங்கள்

ஆயுத பூஜை முடிந்த நான்காம் நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மணம் அடிக்கும். படையலுக்கு வாங்கியதும் தாம்பூலத்தோடு வந்ததுமாக மூன்று சீப்பு பூவன் சேர்ந்திருக்கும். முதல் இரண்டு நாள் ஆளுக்கொன்று சாப்பிடுவோம். மூன்றாம் நாள் யாரும் தொட மாட்டார்கள். நான்காம் நாள் தோல் கறுத்து, பொடிப்பூச்சிகள் சுற்ற ஆரம்பிக்கும். அம்மா அதை அப்பமாக்குவார். கோதுமை மாவு, வெல்லம், ஏலக்காய், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, அவ்வளவுதான். நான் பிரெட் ஆக்குகிறேன். முதல் தடவை செய்ததில் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு அம்மா சொன்னார்: "இது அப்பம்தானே? எண்ணெயில போடாம பெட்டிக்குள்ள வச்சு எடுத்திருக்கே."

சரியாகத்தான் சொன்னார். பழத்தின் ஈரமும் இனிப்பும், சோடா கிளப்பும் வாயு, சூட்டில் இறுகும் மாவு என்று இரண்டிலும் நடக்கும் வேலை ஒன்றுதான். பெயரில் பிரெட் இருந்தாலும் இதில் ஈஸ்ட் கிடையாது, பிசைவது கிடையாது, மாவு உப்பும்வரை காத்திருப்பதும் கிடையாது. கலந்த கையோடு அடுப்புக்குப் போய்விடும். அதனால்தான் அமெரிக்காவில் இந்த வகை முழுவதையும் 'குயிக் பிரெட்' என்கிறார்கள். என்னைக் கேட்டால், பிரெட் டின்னில் சுட்ட ஈரமான கேக்.

அமெரிக்க வீடுகளில் இது பரவியது 1930-களில். சோடாவும் பேக்கிங் பவுடரும் எல்லா மளிகைக் கடையிலும் கிடைத்த காலம், கூடவே பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவு. கறுத்த பழத்தைக்கூடக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராத நேரம் அது. பில்ஸ்பரி என்ற மாவு நிறுவனம் 1933-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே வாழைப்பழ பிரெட் வந்துவிட்டது. 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் மறுபடி அதைக் கையில் எடுத்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்தான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அந்த 1930-களில் அமெரிக்கர்கள் சாப்பிட்ட வாழைப்பழம் இன்று அங்கே கிடைக்கும் கேவண்டிஷ் இல்லை. அது குரோ மிஷேல் என்ற வேறு ரகம். பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களை அழித்த பிறகு, 1950-60-களில்தான் கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. பழமே மாறியும் செய்முறை தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆகவே பூவனைப் போட்டால் 'ஒரிஜினல்' கெட்டுவிடுமோ என்று நீங்கள் தயங்க வேண்டாம்.

ஆனால் அமெரிக்கச் செய்முறையில் 'மூன்று வாழைப்பழம்' என்று ஒரு வரி இருக்கும். நம் ஊரில் நிறையப் பேருடைய பிரெட்டைக் கெடுப்பது அந்த வரிதான். கடைக்குப் போனால் ஒரே வகைப் பழம் கிடைக்கும் ஊரில் எண்ணிக்கை போதும். தோலுரித்த ஒரு கேவண்டிஷ் ஏறக்குறைய 100 முதல் 120 கிராம் இருக்கும். ஏலக்கி அதில் பாதிகூடத் தேறாது. பெரிய நேந்திரன் ஒன்றே இரண்டுக்குச் சமம். எண்ணிப் போட்டால் ஒருவருக்கு வறண்டு போகும், இன்னொருவருக்குக் களி ஆகும். நான் சொல்லப்போவது எல்லாம் 300 கிராம் உரித்த பழத்தை வைத்துத்தான்.

எந்தப் பழம்?

மோரிஸ், ரோபஸ்டா என்றெல்லாம் நம் கடைகளில் விற்பவை கேவண்டிஷ் குடும்பம். வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்ற நினைப்பவர்களுக்கு இதுவே வசதி. மசிந்தால் கூழாகிவிடும், மணம் அதிகம், புளிப்பு மிகக் குறைவு.

என் முதல் தேர்வு பூவன். லேசான புளிப்பு இருப்பதால் இனிப்பு திகட்டாது. சோடாவுக்கும் அந்தப் புளிப்பு உதவும். கற்பூரவள்ளி நல்ல இனிப்பு, சதை கெட்டி. அதைப் போட்டால் சர்க்கரையில் 20 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். ரஸ்தாளிக்கு மணம் அபாரம்; ஆனால் சில பழங்களில் நடுவே பழுக்காத கட்டி இருக்கும். மசிக்கும்போது விரலுக்குத் தட்டுப்பட்டால் எடுத்துப் போட்டுவிடுங்கள், வெந்தாலும் அது கரையாது. செவ்வாழையும் நன்றாக வரும், விலைதான் இடிக்கும். நேந்திரன் தோல் முழுக்கக் கறுக்கும்வரை பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள். சதையில் மாவுத்தன்மை அதிகம், அதனால் மசித்ததோடு இரண்டு டேபிள்ஸ்பூன் பால் சேர்க்க வேண்டும். மொந்தன் காய்க்கறி; இந்தப் பக்கமே வரக்கூடாது.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சி மலைவாழையையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அதில் தண்ணீர் குறைவு, பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிரெட் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் பழத்தை அப்படியே சாப்பிடாமல் மாவில் கரைத்ததற்கு வீட்டில் யாரும் என்னை மன்னிக்கவில்லை.

எவ்வளவு பழுக்க வேண்டும்?

சாப்பிடத் தயங்கும் அளவுக்கு. பச்சைக் காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அதெல்லாம் சர்க்கரையாகி, நன்றாகக் கனிந்த பழத்தில் ஓரிரு சதவீதம்தான் மிஞ்சும். அந்தக் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் மணமும் கூடுகிறது. மஞ்சளாக, உறுதியாக இருக்கும் பழத்தில் செய்தால் பிரெட்டில் வாழைப்பழம் இருப்பதே தெரியாது.

தோலின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. முறையாக எத்திலீன் வாயுவில் பழுக்கவைக்க அனுமதி உண்டு. கல் வைத்த பழம் தோல் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக, உள்ளே சப்பென்று இருக்கும். காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள், அழுத்திப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். தோல் கறுத்திருந்தால் பரவாயில்லை. உரித்தால் சாராய வாடை அடித்தாலோ, தண்ணீர் ஒழுகினாலோ, பூஞ்சை தெரிந்தாலோ அது மாட்டுக்கு.

அவசரம் என்றால் பழங்களைக் காகிதப் பையில் ஒரு ஆப்பிளோடு போட்டு மடித்து வையுங்கள். ஆப்பிள் விடும் எத்திலீனால் ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே கனிந்துவிடும். இன்றைக்கே வேண்டும் என்றால் மஞ்சள் பழத்தைத் தோலோடு 150 டிகிரியில் 20, 25 நிமிடம் சுட்டெடுக்கலாம். தோல் கன்னங்கரேல் என்றாகும், சதை குழையும், இனிப்பும் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். ஆனால் நாளாகிக் கனிந்த பழத்தின் மணம் அதில் வராது.

பழம் தயார், உங்களுக்கு நேரமில்லை என்றால் உரித்து, 300 கிராமாக எடை போட்டு, டப்பாவில் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். தோலோடு வைத்தால் பிறகு உரிக்கப் படாத பாடு பட வேண்டும். வெளியே எடுத்து இளகவிடும்போது பழத்திலிருந்து பழுப்பு நீர் கசியும். அதைக் கொட்டாதீர்கள், இனிப்பும் மணமும் அதில்தான். அந்தத் தண்ணீரையும் சேர்த்தே மசியுங்கள்.

தேவையான பொருட்கள்

ஒன்பதுக்கு ஐந்து அங்குல பிரெட் டின் ஒன்றுக்கு, அல்லது ஏழு அங்குல வட்ட டின்னுக்கு:

உரித்த பழம் – 300 கிராம்
மைதா – 220 கிராம்
நாட்டுச்சர்க்கரை அல்லது சர்க்கரை – 130 கிராம்
முட்டை – 2
வாசனையில்லாத சமையல் எண்ணெய் – 90 மில்லி, அல்லது உருக்கிய வெண்ணெய் – 100 கிராம்
புளிப்பேறிய கெட்டித் தயிர் – 60 கிராம்
சமையல் சோடா – முக்கால் டீஸ்பூன்
பேக்கிங் பவுடர் – அரை டீஸ்பூன்
உப்பு – அரை டீஸ்பூன்
ஏலக்காய்ப் பொடி அல்லது பட்டைப் பொடி – அரை டீஸ்பூன்
உடைத்த வால்நட் அல்லது முந்திரி – ஒரு கைப்பிடி, விருப்பப்பட்டால்

டீஸ்பூன் என்றால் 5 மில்லி அளவு கரண்டி. காபி கலக்கும் ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு. மற்ற எதிலும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், சோடாவில் கூடாது. கால் டீஸ்பூன் கூடினாலே நாக்கில் சவர்க்கார ருசி தட்டும். கடையில் 'ஆப்ப சோடா', 'சோடா உப்பு', 'சமையல் சோடா' என்று எப்படிக் கேட்டாலும் ஒரே பொருள்தான் வரும். பேக்கிங் பவுடர் அது அல்ல. சோடாவோடு உலர்ந்த அமிலமும் சோள மாவும் கலந்தது. ஒன்றுக்குப் பதில் ஒன்றை அதே அளவில் போட்டால் நிச்சயம் கெடும். சோடாவின் வீரியம் பேக்கிங் பவுடரைப் போல மூன்று நான்கு மடங்கு.

இரண்டும் எதற்கு என்றால், சோடா பழத்திலும் தயிரிலும் உள்ள புளிப்போடு சேர்ந்து உடனே வாயு கிளப்பும், மேல்தோலுக்கு நல்ல பழுப்பு நிறமும் தரும். பேக்கிங் பவுடர் அடுப்புச் சூட்டில் இரண்டாம் முறை வேலை செய்யும். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறுவதால் சோடாவை மட்டும் நம்பி இறங்குவதில்லை. தயிர் புளிக்காமல் இருந்தால் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயா வெண்ணெயா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. மணத்துக்கு வெண்ணெய். மறுநாளும் மெதுமெதுவென்று இருக்க வேண்டும் என்றால் எண்ணெய். அது ஆறினாலும் உறையாது. நான் சூரியகாந்தி எண்ணெய் 60 மில்லியும் நெய் இரண்டு டேபிள்ஸ்பூனும் போடுகிறேன். செக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் பழத்தின் மணத்தை அமுக்கிவிடும். தேங்காய் எண்ணெய் ருசியாக இருக்கும், ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்தால் பிரெட் கல்லாகும்.

அடுப்பு முதலில், மாவு பிறகு

முட்டையையும் தயிரையும் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வையுங்கள். அப்புறம் ஓடிஜி என்ற சின்ன மின் அடுப்பை மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்து 175 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்குங்கள். மாவைக் கலந்த பிறகு அடுப்பைப் போடுபவர்கள் நிறையப் பேர். தயிரும் சோடாவும் சந்தித்த நொடியிலிருந்து வாயு வெளியேற ஆரம்பித்துவிடும். அடுப்பு சூடாகும்வரை மாவு கிண்ணத்தில் காத்திருந்தால், டின்னுக்குள் உப்ப வேண்டியது வெளியிலேயே தீர்ந்துபோகும்.

ஓடிஜியின் குமிழில் இருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். என்னுடையதில் 175 என்று வைத்தால் உள்ளே 195 காட்டியது. உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி வாங்கிய பிறகுதான், அத்தனை நாள் மேலே கருகி உள்ளே வேகாமல் போனதற்குக் காரணம் புரிந்தது. மைக்ரோவேவில் கன்வெக்ஷன் முறையில் சுடுபவர்கள் 160 வைத்தால் போதும், விசிறிக் காற்று சூட்டை வேகமாகக் கொண்டுசேர்க்கும். கண்ணாடி டின் என்றாலும் 160.

டின்னுக்குள் எண்ணெய் தடவி, அடியிலும் நீளப் பக்கங்களிலும் ஒரே நீளத் துண்டாக பட்டர் பேப்பர் போடுங்கள். இரண்டு பக்கமும் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெந்த பிறகு அதைப் பிடித்துத் தூக்கிவிடலாம். பட்டர் பேப்பர் இல்லையென்றால் எண்ணெய் தடவி, மைதா தூவி, தட்டிக் கொட்டுங்கள்.

கலப்பது

பழத்தை முள்கரண்டியால் மசியுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள். கூழ் வழவழவென்று ஆகி, பிரெட் இறுகலாக வரும். பட்டாணி அளவுக் கட்டிகள் இருந்தால் நல்லதே, வெட்டும்போது ஆங்காங்கே பழம் தெரியும்.

மைதா, சோடா, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காய்ப் பொடியை ஒரு கிண்ணத்தில் இரண்டு முறை சலியுங்கள். சோடா கட்டி ஒன்று அப்படியே தங்கி, சாப்பிடுபவர் வாயில் போனால் மொத்த உழைப்பும் வீண். அதனால்தான் இரண்டு முறை.

பெரிய கிண்ணத்தில் முட்டையையும் சர்க்கரையையும் விஸ்க் என்ற கம்பிக் கலக்கியால் ஒரு நிமிடம் அடியுங்கள். எண்ணெய், தயிர், மசித்த பழம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கலக்குங்கள். பார்க்கத் திரிந்த மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். இதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். மாவு விழாதவரை கெடுவதற்கு எதுவுமில்லை.

மாவு விழுந்த பிறகு கதை வேறு. மைதாவில் ஈரம் பட்டுக் கலக்கக் கலக்க குளூட்டன் என்ற புரதம் வலை பின்னும். பரோட்டாவுக்கு அதை வேண்டுமென்றே அடித்துப் பிசைந்து வளர்க்கிறோம், இழுத்தால் நீள வேண்டும் என்பதற்காக. இங்கே அது எதிரி. மாவை ஈரக் கலவையில் கொட்டி, விஸ்கைக் கீழே வைத்துவிட்டு சிலிக்கோன் கரண்டியை எடுங்கள். அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துப் புரட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு புரட்டில் மாவு ஏறக்குறைய மறைந்துவிடும். ஆங்காங்கே வெள்ளைத் திட்டு தெரியும்போதே வால்நட்டைப் போட்டு இன்னும் மூன்று நான்கு புரட்டு. நிறுத்துங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் தெரியும், கை அரிக்கும், இன்னும் இரண்டு சுற்று சுற்றலாமா என்று தோன்றும். வேண்டாம்.

என் இரண்டாவது பிரெட்டை எலக்ட்ரிக் பீட்டரால் மூன்று நிமிடம் அடித்தேன். மாவு பட்டுப்போல இருந்தது. வெந்த பிறகு வெட்டினால் உள்ளே செங்குத்தாகப் புழு துளைத்த மாதிரிக் குழாய்கள், மென்றால் ரப்பர். பக்கத்து வீட்டுப் பையன் அதைத் தரையில் எறிந்து, துள்ளுகிறதா என்று பார்த்தான்.

கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து தொப்பென்று விழ வேண்டும். ஒழுகி ஓடினால் பழத்தில் தண்ணீர் அதிகம். அடுத்த முறை தயிரைப் பாதியாக்குங்கள். டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மீந்தால் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றிவிடுங்கள். சுடச்சுட ஆறேழு பணியாரம் கிடைக்கும். பிரெட் வேகும்வரை வீட்டில் யாரும் சமையலறையை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

சுடுவது

நடுத் தட்டில் 50 முதல் 60 நிமிடம். முதல் 35 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே வாயுக் குமிழ்கள் விரிந்து நிற்கின்றன, அவற்றைச் சுற்றியுள்ள மாவு இன்னும் இறுகவில்லை. அந்த நேரத்தில் குளிர்காற்று புகுந்தால் நடுவில் பள்ளம் விழும். என் முதல் பிரெட் அப்படித்தான் தொட்டில் மாதிரி வந்தது. 25-ஆம் நிமிடம் ஆசையாகத் திறந்து பார்த்த பலன்.

35 நிமிடத்துக்குப் பிறகு மேல்பக்கம் கறுக்கிற மாதிரி தெரிந்தால் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாக மேலே போர்த்துங்கள். நாட்டுச்சர்க்கரை போட்டால் நிறம் சீக்கிரமே கூடும், அதைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். நீளவாக்கில் மேலே ஒரு வெடிப்பு விழும். மேல்தோல் இறுகிய பிறகும் நடுப்பகுதி எழும்புவதால் வருவது அது, குறையில்லை. வெடிப்பு நேராக வர வேண்டுமென்றால், அடுப்பில் வைக்கும்முன் எண்ணெய் தொட்ட கத்தியால் மாவின் நடுவே நீளமாக ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

50-ஆம் நிமிடம் நடுவில் டூத்பிக் குத்திப் பாருங்கள். பச்சை மாவு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். ஈரமான துகள்கள் ஒட்டினால் எடுத்துவிடலாம். குச்சி சுத்தமாக வரும்வரை வைத்திருந்தால் கொஞ்சம் வறண்டுவிடும். பழக் கட்டி ஒன்றில் குத்திவிட்டால் வேகாத மாதிரி ஏமாற்றும், அதனால் இரண்டு இடத்தில் குத்துங்கள். உணவு வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நடுவில் 95, 96 டிகிரி காட்டினால் வெந்தாயிற்று.

ஓடிஜி இல்லாத வீடு

நானும் ஆறு மாதம் பழைய அலுமினியக் குக்கரில் செய்திருக்கிறேன். கேஸ்கட், விசில் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இதை மறந்தால் ஆபத்து. அடியில் இரண்டு டம்ளர் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, நடுத்தர தீயில் பத்து நிமிடம் காயவிடுங்கள். ஏழு அங்குல வட்ட டின்னை உள்ளே இறக்கி, தீயைச் சிம்மில் வைத்து 50 முதல் 65 நிமிடம். தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரில்லாமல் இவ்வளவு நேரம் காய்வதால் பாத்திரம் நிறம் மாறும், நல்ல குக்கரைப் பலிகொடுக்காதீர்கள். கனமான இரும்புச் சட்டியும் பொருந்தும் மூடியும் இருந்தால் இன்னும் மேல். நான்ஸ்டிக் மட்டும் கூடாது.

இதில் மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்கும், சூடு கீழிருந்து மட்டும் வருவதால். ருசியில் குறை இருக்காது. ஆறிய பிறகு துண்டு போட்டு, தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டினால் நிறமும் வந்துவிடும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

பேக்கிங் பவுடரே ஒருவகையில் உங்களைப் போன்றவர்களுக்காகப் பிறந்ததுதான். பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக மனிதர் முதலில் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடர் செய்தார். 1843-ல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப ஒரு பவுடர் செய்தார்.

முட்டையை விட்டுவிட்டு, தயிரை 150 கிராம் ஆக்குங்கள். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா அதே முக்கால். சர்க்கரையைத் தயிரில் முழுக்கக் கரைத்த பிறகு எண்ணெய், பழம் சேருங்கள். ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக வேகும். முட்டைதான் எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் பசை. அது இல்லாததால் சூட்டோடு வெட்டினால் உதிரும். முழுக்க ஆறவிட்டு, முடிந்தால் மறுநாள் வெட்டுங்கள். ஆளிவிதையை அரைத்து ஊறவைத்துச் சேர்க்கும் முறையும் உண்டு. பழத்தின் ஒட்டும் தன்மையே இதற்குப் போதும் என்பது என் அனுபவம்.

மாற்றிப் பார்க்க நினைத்தால்

கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி தாராளமாகப் போடலாம். அது அதிகம் ஈரம் குடிக்கும், இரண்டு டேபிள்ஸ்பூன் பால் கூட்டிக்கொள்ளுங்கள். முழுக்கக் கோதுமை என்றால் அம்மாவின் அப்பத்துக்கு இன்னும் கிட்டத்தில் போய்விடும். எனக்குப் பிடிக்கும், குழந்தைகளுக்குப் பிடிப்பதில்லை. வெல்லம் போடுவதானால் 130 கிராமை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு சேருங்கள். தயிரைப் பாதியாகக் குறையுங்கள். கருப்பட்டியும் இப்படித்தான். அதோடு கொஞ்சம் சுக்குப்பொடியும் போட்டால் மழை நாளுக்கு ஏற்ற பிரெட்.

சர்க்கரையை 90 கிராமுக்குக் கீழே இறக்காதீர்கள். இனிப்புக்கு மட்டுமில்லை, ஈரத்தைப் பிடித்துவைப்பதும் சர்க்கரைதான். மாம்பழக் கூழில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் வாழைப்பழத்தின் கெட்டித்தன்மை அதில் கிடையாது. அடுப்பில் வைத்துக் கிளறி, மூன்றில் ஒரு பங்கு வற்றவைத்த பிறகு அதே 300 கிராம் எடுங்கள். பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, பழத்தில் 50 கிராமுக்குப் பதில் சேர்த்தால் சர்க்கரையை நன்றாகக் குறைக்கலாம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2,000 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவு. வாயு அதிகமாக விரிந்து, பிரெட் வேகமாக எழும்பி அதே வேகத்தில் அமுங்கிவிடும். சோடா, பேக்கிங் பவுடர் இரண்டிலும் கால் பங்கு குறைத்து, சூட்டைப் பத்து டிகிரி கூட்டிப் பாருங்கள்.

கெட்டுப்போனால்

நடுவில் பள்ளம் விழுந்தால் மூன்று காரணம் இருக்கலாம்: கதவைச் சீக்கிரம் திறந்தது, சோடா கூடியது, வேகாமலே எடுத்தது. அடியில் ஒரு அங்குலத்துக்குக் களி மாதிரிப் பட்டை தெரிந்தால் பழம் எடைக்கு மேல் போயிருக்கிறது, அல்லது அடுப்பு சூடாகும் முன்னே வைத்திருக்கிறீர்கள். உப்பவே இல்லையென்றால் பவுடரைச் சோதியுங்கள். ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரில் வெந்நீர் விட்டால் பொங்கிக் குமிழ வேண்டும். சோடாவுக்கு வெந்நீருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு. மழைக்காலத்தில் திறந்த டப்பாவில் இருந்த பேக்கிங் பவுடர் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும்.

நட்ஸ் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தால் கலவை தளர்வாக இருந்தது என்று பொருள். அவற்றை ஒரு டீஸ்பூன் மைதாவில் புரட்டிப் போடுங்கள், ஓரளவு நிற்கும். வறண்டு போன பிரெட்டையும் தூக்கிப் போட வேண்டாம். துண்டு போட்டு, பாலில் கஸ்டர்டு காய்ச்சி மேலே ஊற்றி, அரை மணி நேரம் ஊறவைத்துப் பரிமாறினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நான் இரண்டு தடவை தப்பித்திருக்கிறேன்.

ஆறவைத்து, எடுத்துவைத்து

டின்னிலேயே பத்து நிமிடம் விட்டு, பேப்பரைப் பிடித்துத் தூக்கிக் கம்பித் தட்டில் வையுங்கள். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடிப்பக்கம் நனைந்துவிடும். கம்பித் தட்டு இல்லாவிட்டால் இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கலாம். ஒரு மணி நேரமாவது ஆறட்டும், அதற்கு முன் கத்தி வைத்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டும்.

உண்மையில் இது மறுநாள்தான் நன்றாக இருக்கும். ராத்திரி முழுக்க மூடி வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் மேல்தோல்வரை பரவி, பழ வாசனை தூக்கலாகும். சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் வெளியே இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ஃப்ரிட்ஜில் ஐந்தாறு நாள் இருக்கும். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். காலையில் ஒரு துண்டை எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போட்டு, கொஞ்சம் வெண்ணெய் விட்டு, ஓரம் மொறுமொறுவென்று ஆகும்வரை சிறுதீயில் வாட்டுங்கள். அம்மா அதற்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி கேட்கிறார். அந்த விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.